ஸ்டியரிங் சக்கரத்தின் தோலுறை: வீட்டிலேயே புதுப்பிக்கும் முறை

மோட்டார் வண்டியின் பல உறுப்புகளுள் ஓட்டுபவரின் கை இடைவிடாது பற்றியிருப்பது ஸ்டியரிங் சக்கரம் ஒன்றைத்தான். செம்பூரில் புறப்பட்டு, சயான் வழியாக மாட்டுங்காவையோ தாராவியையோ சென்றடையும் ஒரு வண்டி, தூரத்தைக் கொண்டு பார்த்தால் அதிகம் ஓடுவதில்லை. ஆயினும் மும்பையின் நெரிசலில் அச்சிறு தூரத்தைக் கடப்பதற்குள் ஓட்டுபவரின் உள்ளங்கை அச்சக்கரத்தின்மேல் நூற்றுக்கணக்கான முறை உராய்ந்து விடுகிறது. உராய்வுடன் வியர்வையும் வெயிலும் சேர்கின்றன. சில ஆண்டுகளில் கடிகார முகப்பில் 10 மணியும் 2 மணியும் அமைந்திருக்கும் இடங்களில் சக்கரத்தின் தோல் முதலில் பளபளக்கிறது, பிறகு பிசுபிசுக்கிறது, கடைசியில் கறுப்பு நிறம் உதிர்ந்து சாம்பல் நிறமான நார்ப்பகுதி வெளியே தெரிகிறது.

இந்நிலையைக் கண்டவுடன் தோல் கெட்டுவிட்டதென்று பலர் முடிவு செய்கின்றனர். ஒரு ரெக்சின் உறையை வாங்கி அதன்மேல் மாட்டிவிடுவதும் வழக்கமாக இருக்கிறது. அவ்வுறை சரியாகப் பொருந்தாவிடில் திருப்பத்தில் சக்கரம் ஒருபுறமும் உறை ஒருபுறமுமாக நழுவும். ஓட்டுபவர் திருப்ப எண்ணிய அளவுக்கு வண்டி திரும்பாது. பள்ளிச் சிறுவர்கள் சாலையைக் கடக்கும் இடங்களில் இது அற்பமான குறையன்று.

உண்மையில் பெரும்பாலான சக்கரங்களில் தேய்ந்திருப்பது தோலன்று. தோலின்மேல் இடப்பட்ட மெல்லிய பூச்சேயாகும். இவ்வொரு செய்தியை அறிந்துகொண்டால், புதுப்பிக்கும் வேலையில் எதைச் செய்யவேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பவை தாமே விளங்கும். ஒரு விடுமுறை நாளில், சிறிய செலவில், பொறுமையுள்ள எவரும் இதைச் செய்து முடிக்கலாம்.

தோலும் அதன்மேல் பூச்சும்

விலங்கின் தோல் கொலாஜன் என்னும் புரதத்தாலான இழைகளின் பின்னல். கயிற்றின் புரிகள்போல் மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஓர் இழையாகின்றன. பச்சைத் தோலை நீரில் இட்டுச் சூடாக்கினால் ஏறத்தாழ 65 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் இவ்விழைகள் முறுக்கவிழ்ந்து தோல் சுருங்கிவிடும். பதனிடுதல் என்பது இவ்விழைகளுக்கிடையே பாலங்கள் கட்டுவதாகும். ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் துவர்ப்புப் பொருளால் பதனிட்ட தோல் 70 முதல் 85 டிகிரி வரையில் தாங்கும். குரோமிய உப்பினால் பதனிட்ட தோலோ கொதிநீரையே தாங்கிவிடும். வெயிலில் நிறுத்தி மூடப்பட்ட காருக்குள் ஸ்டியரிங் சக்கரத்தின் வெப்பம் 60 டிகிரியையும் தாண்டுவதுண்டு. ஆதலால் இச்சக்கரங்களுக்குக் குரோமியத் தோலோ, அதற்கு நிகரான வேறு புதுமுறைகளில் பதனிட்ட தோலோ பயன்படுத்தப்படுகிறது.

பதனிட்டு உலர்ந்த தோல் அப்படியே கைக்கு வருவதில்லை. நீரும் எண்ணெயும் அதில் எளிதில் ஊறிவிடும். எனவே அடிப்பூச்சு, நிறப்பூச்சு, மேற்பூச்சு என மூன்று நிலைகளில் அதற்கு ஒரு போர்வை அளிக்கப்படுகிறது. அடிப்பூச்சு தோலின் நுண்துளைகளைச் சமன்செய்கிறது. நிறப்பூச்சு நிறத்தைத் தருகிறது. மேற்பூச்சு உராய்வையும் நீரையும் தடுக்கிறது. முற்காலத்தில் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் என்ற புரதமும் அரக்கும் இப்பூச்சுகளில் பிணைப்புப் பொருள்களாக விளங்கின. இப்போது அக்ரிலிக், பாலியூரிதேன் ஆகிய பிசின்கள் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. தோல் வணிகத்தில் வழங்கும் அனைத்துலக வரையறைப்படி, இப்பூச்சின் கனம் 0.15 மில்லிமீட்டருக்கு மேற்போகலாகாது. மேற்போனால் அதனை வெறுமனே தோல் என்று கூறி விற்றல் தகாது. வீட்டுக் கதவுக்கு அடிக்கும் வர்ணத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. கதவு வளைவதில்லை, தோல் வளைகிறது. ஆய்வுக்கூடங்களில் பூச்சிட்ட தோல்துண்டை எந்திரத்தில் பிடித்து ஆயிரக்கணக்கான முறை மடக்கி விரித்தும், செயற்கை வியர்வையில் நனைத்த கம்பளித் துண்டால் தேய்த்தும் பார்த்த பின்னரே அது வண்டிக்கு ஏற்றதெனக் கூறுவர்.

இத்துறையில் நம் நாட்டில் நடந்த ஆராய்ச்சிகளுக்குப் பெரிதும் இருப்பிடமாக விளங்குவது சென்னை அடையாற்றில் 1948இல் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமாகும். 1958இல் டாக்டர் ஒய். நாயுடம்மா இதன் இயக்குநரானார். அக்காலத்தில் இந்தியா பாதி பதனிட்ட தோலையே பெரும்பாலும் ஏற்றுமதி செய்து வந்தது. அதன்மேல் பூச்சிட்டு, பளபளப்பேற்றி, பன்மடங்கு விலைக்கு விற்ற ஆதாயம் பிற நாடுகளைச் சென்றடைந்தது. 1972இல் அமைந்த சீதாராமையா குழுவின் பரிந்துரைகளுக்குப் பின்னரே, பூச்சு வேலை முடிந்த தோலையும் தோற்பொருள்களையும் அனுப்பும் கொள்கை வலுப்பெற்றது. ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதியே கனமுள்ள ஒரு படலத்துக்கு நாட்டின் வாணிகத்தில் இத்துணை இடமுண்டு.

தாராவியும் தமிழரும்

மும்பையில் தோல் என்றவுடன் நினைவுக்கு வருவது தாராவி. 1887இல் அங்கே தோல் பதனிடும் தொழிற்சாலை ஏற்பட்டது. அன்று அது பம்பாய் நகரின் வடக்கு எல்லையில் இருந்த சதுப்பு நிலம். நாற்றமுள்ள தொழில்களை நகருக்குள் வைத்துக்கொள்ள விரும்பாதோர் அவற்றை அங்குத் தள்ளினர். தமிழ்நாட்டிலிருந்து, சிறப்பாகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து, தோல் தொழிலில் கைதேர்ந்த முஸ்லிம்களும் பிறரும் அங்கே குடியேறினர். சுண்ணாம்புத் தொட்டியும் பட்டைக் கஷாயமும் அவர்களுக்கு ஊரிலேயே பழக்கமானவை. பாந்திராவிலிருந்த இறைச்சிக்கூடம் அருகில் இருந்தமையால் பச்சைத் தோல் தடையின்றிக் கிடைத்தது.

1971இல் அவ்விறைச்சிக்கூடம் செம்பூருக்கு அப்பாலுள்ள தேவனாருக்கு மாற்றப்பட்டது. கழிவுநீர்க் கட்டுப்பாடுகளும் சேர்ந்து, பதனிடும் வேலை தாராவியை விட்டுப் படிப்படியாக அகன்றது. 2015இல் மகாராஷ்டிரத்தில் காளை, எருது ஆகியவற்றின் வதையும் தடை செய்யப்பட்டபின் அம்மாநிலத்தில் எருமைத் தோலும் ஆட்டுத் தோலுமே முதன்மை பெற்றன. இன்று தாராவியில் எஞ்சியிருப்பது பதனிட்ட தோலை வெட்டி, சீவி, தைத்து, பை, இடைவார், சட்டை எனப் பொருளாக்கும் கைத்தொழிலாகும். சயான்-பாந்திரா இணைப்புச் சாலையில் வரிசையாக நிற்கும் கடைகளின் பின்புறத்தில் இவ்வேலை நடைபெறுகிறது. சென்னை, கான்பூர், கொல்கத்தா ஆகிய இடங்களில் பதனிட்ட தோல் அங்கு வந்து சேர்கிறது. ஸ்டியரிங் சக்கரத்தைப் புதுப்பிக்க விழைவோருக்கு இவ்வூரால் இரண்டு நன்மைகளுண்டு. பூச்சைப் பரிசோதித்துப் பழகுவதற்கு வெட்டித் தள்ளிய தோல்துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். வீட்டில் செய்ய இயலாத அளவுக்குத் தோல் கிழிந்திருந்தால், அதனைக் கழற்றிப் புதிதாகத் தைத்துத் தரும் கைகளும் அங்குண்டு.

பூச்சு கெடும் விதம்

பூச்சைக் கெடுப்பவற்றுள் முதலிடம் உள்ளங்கைக்கே. வியர்வையில் உப்பும் லாக்டிக் அமிலமும் யூரியாவும் உள்ளன. புதிய வியர்வை சற்றே அமிலத் தன்மையுடையது. பாக்டீரியாக்கள் அதனைச் சிதைக்கும்போது அம்மோனியா தோன்றிக் காரமாகிறது. தோலோ இலேசான அமில நிலையில் பதனிடப்பட்டது. காரம் அதற்கு ஒவ்வாது. கைத்தோலின் கொழுப்பு, பூச்சின் பிசினுக்குள் மெல்ல ஊடுருவி அதனை இளக்குகிறது. பிசுபிசுப்பு என்று நாம் உணர்வது பெரும்பாலும் இளகிய பிசினும் அழுக்கும் கலந்த கலவையே. இதற்கு மேலும், சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் பிசினின் நீண்ட மூலக்கூறுகளை அறுக்கின்றன.

2020க்குப் பின் புதிதாகச் சேர்ந்த பகை ஒன்றுண்டு. நோய்த்தொற்றைத் தடுக்கக் கையில் தேய்த்துக்கொள்ளும் திரவங்களில் பாதிக்கு மேல் ஆல்கஹால் இருப்பது வழக்கம். கை உலருமுன் ஸ்டியரிங்கைப் பிடித்தால், பூச்சை அகற்றுவதற்கென்றே பயன்படும் திரவத்தால் அதனை நாள்தோறும் துடைத்ததாகிறது. வெயிலுக்குப் பூசும் களிம்புகளும் இத்தகையனவே. காரணம் தெரியாமல் பலர் தோலின் தரத்தைக் குறைகூறினர்.

காற்றும் தோலைப் பாதிக்கும் என்பதை 1840களிலேயே மைக்கேல் ஃபாரடே இலண்டனில் ஆராய்ந்தார். அங்கு ஒரு மன்றத்தின் நூலகத்தில் புத்தகங்களின் தோலட்டைகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. விளக்குக்கு எரித்த நிலக்கரி வாயுவிலிருந்து தோன்றிய கந்தகப் புகையே காரணமென்று அவர் கண்டார். செம்பூர்வாசிகளுக்கு இச்செய்தி புதிதாய்த் தோன்றாது. 1950களின் நடுவில் துரோம்பே பகுதியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தபின், உரத் தொழிற்சாலையும் சேர்ந்து, அவ்வட்டாரத்துக்கு ‘வாயுக் கூடம்’ என்ற பட்டப்பெயர் வழங்கியதுண்டு. கந்தகம் குறைந்த எரிபொருள்கள் வந்தபின் இன்று அவ்வாயுவின் அளவு முன்னைவிடக் குறைவு. மேலும் இதனால் பெரிதும் வாடுவது பட்டையால் பதனிட்ட தோலே. குரோமியத் தோல் நன்கு தாங்கும். பழைய வண்டிகளில் கைத்தொழிலாளர் சுற்றித் தைத்த பட்டைத்தோல் உறைகள் செந்நிறப் பொடியாக உதிருமானால் அவற்றுக்குப் பூச்சு உதவாது, மாற்றுவதே வழி.

நோயறிதல்

வேலையைத் தொடங்குமுன் மூன்று சிறு சோதனைகள் போதும். தேய்ந்த இடத்தில் ஒரு துளி நீரை வைத்து ஒரு நிமிடம் பார்க்கவேண்டும். நீர் முத்தாக நின்றால் மேற்பூச்சு இன்னும் உள்ளது. அழுக்கை அகற்றுவதே போதுமானது. நீர் பரவி, அவ்விடம் கறுத்தால் பூச்சு போய்விட்டது. அடுத்து, ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைக்கவேண்டும். துணியில் பழுப்பு ஏறினால் அது அழுக்கு. சக்கரத்தின் நிறமே ஏறினால் பூச்சு கரைகிறது. மூன்றாவதாக, உறை உண்மையில் தோலா என்று பார்க்கவேண்டும். தையலின் ஓரத்திலோ சக்கரத்தின் உட்பக்கத்திலோ அறுபட்ட விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், தோலில் ஒழுங்கற்ற நார்ப்பின்னல் தெரியும். ரெக்சினில் நெய்த துணியும் அதன்மேல் பிளாஸ்டிக் ஏடும் தெரியும். ஏடு ஏடாக உரியும் ரெக்சினைப் புதுப்பிக்க முயல்வது வீண்வேலை.

எரித்து மோப்பம் பிடித்துச் சோதிக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடுதல் நலம். குரோமியத் தோலை எரித்தால், தீங்கற்ற நிலையிலுள்ள குரோமியத்தின் ஒரு பகுதி நச்சுமிக்க ஆறிணைதிறக் குரோமியமாக மாறக்கூடும். வெட்டிய துண்டுகளை அடுப்பிலிட்டு எரிப்பதும் இக்காரணத்தால் தகாது.

புதுப்பிக்கும் முறை

இவ்வேலைக்கேற்ற பருவம் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள். இப்போது கிடைக்கும் தோல்பூச்சுகள் பெரும்பாலும் நீரில் கலந்தவை. நீர் ஆவியானால்தான் பிசின் துகள்கள் நெருங்கி ஒன்றாய் இணைந்து படலமாகும். மும்பையில் ஆடி, ஆவணி மாதங்களின் ஈரக்காற்றில் இவ்விணைப்பு தாமதப்படும். படலம் மங்கலாகவும் நொய்ம்மையாகவும் அமையும். மழைக்காலத்தில்தான் செய்தாகவேண்டுமெனில், மின்விசிறியும் தலைமுடி உலர்த்தும் கருவியும் துணைக்கு வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் இருமடங்கு நேரம் விடவேண்டும்.

சக்கரத்தைக் கழற்றலாகாது. 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுபவர் பக்கத்துக் காற்றுப்பை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சக்கரத்தின் நடுவிலுள்ள அப்பை வெடிமருந்தின் விசையால் விரிவது. பயிற்சியில்லாதார் அதன் இணைப்பைத் தொடுவது உயிருக்கு ஆபத்து. நடுப்பகுதியையும் கம்பிகளையும் கருவிப் பலகையையும் மறைப்பு நாடாவும் காகிதமும் கொண்டு மூடிவிட்டு, வளையத்தில் மட்டுமே வேலை செய்யவேண்டும். நீரையோ மருந்தையோ நேரடியாகச் சக்கரத்தின்மேல் ஊற்றாமல், துணியில் நனைத்தே பயன்படுத்தவேண்டும். இல்லாவிடில் அது ஹாரன் பொத்தானுக்குள் இறங்கிவிடும்.

பாதி வேலை சுத்தம் செய்வதில் அடங்கியுள்ளது என்றால் மிகையாகாது. பூச்சு உரிந்துபோன பெரும்பாலான முயற்சிகளை ஆராய்ந்தால், அடியில் எண்ணெய் தங்கியிருந்ததே காரணமாயிருக்கும். துணி துவைக்கும் சோப்பும் சோடாவும் காரமானவை. அவற்றை விலக்கி, குழந்தைகளின் தலைக்குத் தேய்க்கும் மிதமான ஷாம்பூ சில துளிகளை இளஞ்சூடான நீரில் கலந்து, மென்மையான பல்துலக்கியால் நுரைவரத் தேய்த்து, ஈரத்துணியால் துடைக்கவேண்டும். துணியில் அழுக்கு ஏறாமற் போகும்வரை இதனைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். தையல்களுக்கிடையே தங்கும் அழுக்கைக் கவனியாது விடுவது பலரின் வழக்கம். பூச்சு முதலில் உரியத் தொடங்குவதும் அங்கேதான். சில மணி நேரம் உலர்ந்தபின், மருந்துக் கடையிலோ மின்பொருள் கடையிலோ கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் சிறிது நனைத்து ஒருமுறை துடைத்தால் கொழுப்பும், இளகிய பழைய பூச்சும் நீங்கும். அப்போது துணியில் கறுப்பு ஏறுவது இயல்பு. காரின் கதவுகள் திறந்திருக்கவேண்டும். அருகில் நெருப்போ புகைபிடித்தலோ கூடாது. வர்ணக் கடையின் தின்னரை இதற்குப் பயன்படுத்துவோர் உண்டு. அது தோலின் எண்ணெய்ச் சத்தையே வாங்கிவிடும். ஆவியும் தலைக்கு ஏறும்.

அடுத்தது உப்புத்தாள். 400ஆம் எண் தாளால் தேய்ந்த இடத்தின் முரட்டு நாரையும், இன்னும் ஒட்டியுள்ள பூச்சின் விளிம்பையும் ஒரே மட்டமாக்கி, 800ஆம் எண் தாளால் வளையம் முழுவதையும் இலேசாகத் தேய்க்கவேண்டும். பளபளப்பு நீங்கினால் போதும். தோலைத் தின்ன விடலாகாது. பறக்கும் தூசியில் பழைய பூச்சும் குரோமியத் தோலின் நாரும் கலந்திருக்கும். எனவே மூக்கையும் வாயையும் மூடும் கவசம் அணிந்து, தூசியை ஈரத்துணியால் ஒற்றியெடுப்பது நலம்.

மோதிரம் கீறிய பள்ளங்களும் சிறு வெடிப்புகளும் இருப்பின், சுவருக்குப் பட்டி பார்ப்பதுபோல் தோலுக்கென விற்கும் நெகிழும் நிரப்புப் பசையைக் கத்திமுனையால் மிக மெல்லியதாக இழுக்கவேண்டும். ஒரேயடியாக நிரப்பினால் உலரும்போது நடுவில் குழியும். மெல்லியதாக இரண்டு மூன்று முறை இட்டு, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் தேய்த்து மட்டமாக்குவதே தக்கது. சுவர்ப்பட்டியையும் மரப்பட்டியையும் இங்கே பயன்படுத்தக் கூடாது. அவை வளையாது நொறுங்கும்.

இனி நிறம். இங்கே சாயம் வேறு, நிறமி வேறு என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். சாயம் நீரிலோ சாராயத்திலோ கரைந்து நாருக்குள் புகுவது. நிறமி கரையாத நுண்துகள். பிசின் அதனைத் தோலின்மேல் பிடித்து நிறுத்துகிறது. சாயங்களின் இரசாயனத்தில் உலகப் புகழ்பெற்ற ஆராய்ச்சிகள் இதே மும்பையில், மாட்டுங்காவில் நடந்தன. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தொடங்கி, இன்று இரசாயனத் தொழில்நுட்பக் கழகம் என்னும் பெயரில் இயங்கும் நிறுவனத்தை, சென்னையில் பிறந்த பேராசிரியர் கே. வெங்கடராமன் 1938 முதல் 1957 வரை தலைமையேற்று நடத்தினார். செயற்கைச் சாயங்களைப் பற்றி 1952இல் வெளியான அவரது நூல் பல நாடுகளிலும் பாடநூலாகப் பயின்றது. சாயமும் வர்ணமும் பிசினும் அந்நிறுவனத்தில் பயிற்றப்படுகின்றன. ஸ்டியரிங்குக்கு வேண்டுவது நிறமியும் பிசினும் சேர்ந்த பூச்சு. செருப்புக்குப் போடும் சாராயச் சாயத்தை இட்டால் ஒரு நாள் அழகாகத் தோன்றும். மறுநாள் வியர்வையில் கரைந்து சட்டைக்கும் கைக்கும் வந்துவிடும்.

கறுப்புச் சக்கரம் உண்மையில் முழுக்கறுப்பாக இருப்பது அரிது; சாம்பல் கலந்ததாகவோ நீலம் கலந்ததாகவோ இருக்கும். கைபடாத அடிப்பகுதியே மூலநிறத்தைக் காட்டும். நிறத்தைக் கலந்து, தாராவித் துண்டு ஒன்றில் தொட்டுவைத்து, முழுதும் உலர்ந்தபின் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடவேண்டும். உலரும்போது நிறம் மாறும். விளக்கொளியில் ஒத்த நிறம் வெயிலில் வேறாகத் தோன்றும். ஆகவே இரண்டிலும் பார்த்துவிடுவதே நன்று.

கையுறை அணிந்து, சிறிய கடற்பஞ்சுத் துண்டில் பூச்சைத் தொட்டு, காகிதத்தில் ஒற்றி மிகுதியை நீக்கி, தோலின்மேல் தட்டித் தட்டி இடவேண்டும். முதற்பூச்சு திட்டுத்திட்டாகத் தோன்றும். அதனைக் கண்டு மனந்தளர்ந்து மேலும் அள்ளிப் பூசுவதே புதியவர்கள் செய்யும் பிழை. கனமான ஒரு பூச்சைவிட மெல்லிய ஐந்து பூச்சுகள் நெடுநாள் உழைக்கும். கனமான படலத்தின் மேற்புறம் முதலில் உலர்ந்து, உள்ளிருக்கும் நீரைச் சிறைப்படுத்திவிடும். பிறகு விரல் அழுத்திய இடத்தில் அது தோலாகவே கழன்றுவரும். ஒவ்வொரு பூச்சுக்கும் அரைமணி நேர இடைவெளி தேவை. கையிற் படும் இடங்களுக்கு ஒரு பூச்சு கூடுதலாக இடலாம். தையல் நூல் வேறு நிறமாயிருந்தால், நுண்ணிய தூரிகையால் அதன் ஓரத்தைத் தீண்டாமல் பூசவேண்டும். பொறுமை சோதிக்கப்படும் இடம் இதுவே.

இறுதியாக மேற்பூச்சு. ஒளிராத, மங்கலான வகையையே தேர்ந்தெடுக்கவேண்டும். பளபளப்பான மேற்பூச்சு கண்ணுக்கு அழகு. ஆயின் வெயிலை ஓட்டுபவரின் கண்ணில் எறியும், ஈரக்கையில் வழுக்கவும் செய்யும். மேற்பூச்சுடன் சில துளி இணைப்புப் பொருள் சேர்ப்பதுண்டு. அது பிசினின் சங்கிலிகளுக்கிடையே பாலங்கட்டி உராய்வைத் தாங்கச் செய்கிறது. கொலாஜனுக்குப் பதனிடும் பொருள் செய்வதை இங்கே பிசினுக்கு இது செய்கிறதென்று கூறலாம். அப்பொருள் தோலையும் மூச்சையும் உறுத்தக்கூடியது, கையுறையின்றித் தொடலாகாது. இரண்டு மூன்று மெல்லிய மேற்பூச்சுகள் போதும். தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிட்டாலும், படலம் முழு வலிமை பெறப் பல நாட்களாகும். குறைந்தது ஒரு நாள் வண்டியை எடுக்காமலும், ஒரு வாரம் நீரோ துப்புரவுத் திரவமோ படாமலும் காத்தல் வேண்டும்.

எண்ணெயும் மெருகும்

தோல் வறண்டால் எண்ணெய் இடவேண்டுமென்ற எண்ணம் நம் நாட்டில் ஆழமாக வேரூன்றியது. மாட்டுவண்டியின் வார்களுக்கும் ஏற்றச் சாலுக்கும் விளக்கெண்ணெய் இட்டுக் காத்த பழக்கத்தின் தொடர்ச்சி அது. அவை பூச்சில்லாத பட்டைத்தோல். எண்ணெய் நாருக்குள் சென்று பயன்தந்தது. பூச்சிட்ட ஸ்டியரிங் தோலில் தேங்காயெண்ணெயோ விளக்கெண்ணெயோ உள்ளே போவதில்லை. மேற்பரப்பில் தங்கித் தூசியைப் பிடிக்கும், பூச்சை இளக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரமாகத் திருப்பவேண்டிய நேரத்தில் கை வழுக்கும். செருப்பு மெருகிலுள்ள மெழுகும், கருவிப் பலகையைப் பளபளப்பாக்கும் சிலிகோன் திரவமும் இவ்வகையே. சிலிகோன் ஒருமுறை ஏறிய தோலில் பிறகு எந்தப் பூச்சும் எளிதில் ஒட்டாது.

தோல் கிழிந்து உள்ளிருக்கும் நுரைப்பகுதி தெரிந்தாலோ, தையல் நெடுந்தூரம் விட்டுப்போனாலோ பூச்சு வேலை பயன்படாது. அது தையல்காரரின் துறை. அவர் பழைய உறையைப் பிரித்து அதனையே அளவாக வைத்துப் புதுத்தோலை வெட்டுகிறார். விளிம்புகளைச் சீவி மெலிதாக்குகிறார். இரு ஊசிகளால் எதிரெதிராக நூலிழுத்து வளையத்தின் உட்பக்கமாக மூட்டுகிறார். விளிம்பைச் சரியாகச் சீவாவிட்டால் மூட்டுவாய் உள்ளங்கையை உறுத்தும். ஒரு தோலாளியின் தேர்ச்சியை அறிய அம்மூட்டுவாயின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாலே போதும். சக்கரத்தைக் கழற்ற நேருமானால் அதனை வண்டிப் பணிமனையிலேயே கழற்றி மாட்டச் செய்யவேண்டும்.

வகுப்பில் செய்து காட்ட

ஆசிரியர்கள் இப்பொருளைக் கொண்டு இரண்டு எளிய பரிசோதனைகளை மாணவர்க்குக் காட்டலாம். ஒரே அளவாக வெட்டிய பட்டைத்தோல் துண்டு ஒன்றையும் குரோமியத்தோல் துண்டு ஒன்றையும் காகிதத்தில் வைத்து எல்லைக்கோடு வரைந்துகொண்டு, இரண்டையும் மூன்று நிமிடம் கொதிநீரில் இட்டு எடுத்து மீண்டும் கோட்டின்மேல் வைக்கவேண்டும். பட்டைத்தோல் சுருங்கி விறைத்திருக்கும். குரோமியத்தோல் பெரும்பாலும் பழைய கோட்டை நிரப்பும். இது தோல் தொழிற்சாலைகளில் நாள்தோறும் செய்யும் சோதனையே. செருப்புத் தைப்பவரிடம் அடித்தோல் துண்டும் மேல்தோல் துண்டும் கேட்டுப் பெற்றால் இரண்டு வகையும் கிடைத்துவிடும்.

மற்றொன்று, துருப்பிடித்த ஆணிகளைக் காடியில் சில நாட்கள் ஊறவைத்து வடித்த நீரால் செய்வது. அந்நீரில் ஒரு துளியைப் பட்டைத்தோலின் அறுத்த விளிம்பில் இட்டால் சிறிது நேரத்தில் அவ்விடம் கருநீலமாகும். பட்டையின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்ததன் விளைவு அது. கடுக்காய் மை தயாரித்த முன்னோர் கண்ட இரசாயனமும் இதுதான். குரோமியத்தோலின் விளிம்பு பொதுவாக அவ்வாறு கறுக்காது. விளிம்பில் நீலமோ பச்சையோ கலந்த சாயல் முன்பே தென்படுவதும் உண்டு. பிற்காலத்தில் பட்டைச்சாறும் ஊட்டப்பட்ட குரோமியத்தோல் சில வேளைகளில் சற்றுக் கறுப்பதால், இரு சோதனைகளையும் சேர்த்தே முடிவு கூறவேண்டும்.

புதுப்பித்த சக்கரத்தை வாரம் ஒருமுறை நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டால் போதும். வெயிலில் நிறுத்தும்போது ஒரு பருத்தித் துண்டைச் சக்கரத்தின்மேல் போட்டுவைப்பது நல்ல பழக்கம். மீந்த நிறக்கலவையைச் சிறு கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி இறுக மூடி, கலந்த அளவையும் தேதியையும் அதன்மேல் எழுதி ஒட்டி, வெப்பமில்லாத இடத்தில் வைக்கவேண்டும். ஓராண்டுக்குள் கட்டைவிரல் படும் இடத்தில் நிறம் மங்கினால், அவ்விடத்தை மட்டும் துடைத்துத் தேய்த்து அதே புட்டியிலிருந்து இரண்டு பூச்சு இட்டுக்கொள்ளலாம்.